எட்டுச் சுற்றுக் கச்சை

வால்ஸ், 16 ஜனவரி 1983

அன்புள்ள அக்கா எல்விராவுக்கு,

உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. பனியும் மானும் அழகு. நான் இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை, அதனால் உண்மையையே எழுதிவிடுகிறேன்.

இடுப்பு போய்விட்டது. அதே பழைய இடம்தான். எட்டு வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்த வலி இப்போது மூட்டை முடிச்சோடு குடியேறிவிட்டது. காலையில் கட்டில் ஓரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து இடது காலுறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது காலுக்கு எப்படியோ மாட்டிவிடுவேன். இடது கால் உறையில்லாமலே கொத்து வேலைக்குப் போகிறது.

டாக்டர் சொல்கிறார், "கொத்துக் கரண்டியக்கூட புடிங்க, கோபுரத்த மறந்துடுங்க" என்று. முப்பது வருஷமாக மனிதக் கோபுரத்தின் அடியில் நிற்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? என் தோளில் ஒருவன், அவன் தோளில் இன்னொருவன், எட்டு அடுக்கு. உச்சியில் குழந்தை கை தூக்குவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிவதெல்லாம் எதிரே நிற்கிறவனின் சட்டைக் காலர். அந்தக் காலரை விட்டுவிட எனக்கு மனசில்லை அக்கா.

குழுத் தலைவர் செரபி கெடு வைத்திருக்கிறார். "செப்டம்பர் ஒத்திகையில நில்லு. நின்னுட்டா அக்டோபர்ல ஊர்சுலா திருநாளுக்கு உன் இடம் உனக்கு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவேன், அழக் கூடாது."

இருபத்திரண்டு வருஷமாக வெந்நீர்க் குளியல் விடுதியில் சுவிஸ்காரர்களின் முதுகைப் பிடித்துவிடுகிறாய். தம்பி முதுகுக்கும் ஏதாவது சொல். போனில் வேண்டாம், எழுதி அனுப்பு. சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். தனிக்கட்டைக்கு ஞாபகப்படுத்த வேறு யார் இருக்கிறார்கள்? கோபுரத்துக்கு இடுப்பில் கச்சை கட்டும்போது மறுமுனையைப் பிடிக்கக்கூட ஆளில்லை. நீ போனதிலிருந்து கதவுக் கைப்பிடியில் முடிந்துதான் சுற்றிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி, பெனெத்

*

பாடன், 3 பிப்ரவரி 1983

அன்புத் தம்பி பெனெத்துக்கு,

நான் நலம். இங்கே பனி ஜன்னல் வரைக்கும் ஏறியிருக்கிறது. கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பேனாவைத் திட்டு.

சுவரில் ஒட்டுகிறாய் என்றால் பெரிய எழுத்தில் இதை ஒட்டு: பிடித்துவிடுவதும் பயிற்சியும் ஒன்றாகத்தான். இறுகின சதையோடு பயிற்சி செய்தால் வலி ஏறும். பிடித்துவிட்ட பிறகு சும்மா படுத்துக்கொண்டால் மறுநாளே பழையபடி இறுகிவிடும். பிடித்துவிட்ட அரை மணிக்குள், சதையில் சூடு ஆறுவதற்குள், பயிற்சி. இத்தனை வருஷத்தில் நான் கற்றது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெந்நீர்.

நம் ஊரில் எல்லாரும் தேய்க்கிற அந்த ரோஸ்மேரி சாராயத்தைத் தேய்க்காதே, அது மணக்கும், அவ்வளவுதான். ஆலிவ் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொள். முதுகெலும்பின் மேல் அமுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கீழிருந்து மேலே மெதுவாக நீவ வேண்டும். புட்டத்துச் சதையை விடக் கூடாது, வெட்கப்படாதே, பாதி வலி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பிடிக்கிறவர் கட்டைவிரலால் அமுக்க வேண்டாம் என்று சொல். உள்ளங்கையின் அடிப்பக்கம், முன்கை, முழங்கை போதும். கட்டைவிரல் சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான்.

பயிற்சி மூன்று. மல்லாந்து முழங்காலை மடக்கிக்கொண்டு, மூச்சை அடக்காமல் அடிவயிற்றை மட்டும் உள்ளே இழு, பத்து எண்ணு. அப்படியே இடுப்பை மேலே தூக்கி இறக்கு. பிறகு குழந்தை தவழ்வதுபோல நின்று வலது கை, இடது கால் நீட்டு, மாற்று. அப்புறம் நட.

இது ஒரு நாளில் போகிற வலி இல்லை. ஒரேயடியாகப் போகவும் போகாது. அதை வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் வைத்தியம்.

பொறுமையான கை உள்ள யாரையாவது பிடி. உன் குழுவில் எவனையும் கூப்பிடாதே, சிரித்தே உன்னைக் கொன்றுவிடுவான்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா எல்விரா

*

வால்ஸ், 6 மார்ச் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே தெருவெல்லாம் வெங்காயத்தாள் சுடுகிற புகை. எல்லார் விரலும் கரி, எல்லார் மோவாயிலும் சட்னி. நீ இருந்திருந்தால் முப்பது தின்றிருப்பாய்.

ஆள் கிடைத்துவிட்டது. ரொட்டிக்கடை தெக்லா அம்மாள். கடையில் ரொட்டி என் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிய முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பெனெத், தானா எழுந்து வரும்னு பாக்கறீங்களா?"

"இடுப்பும்மா."

உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். எடுத்து வரச் சொல்லி, இரண்டு பேர் ரொட்டிக்கு நிற்க நிற்க, கல்லாவில் வைத்து முழுக்கப் படித்தார். "உங்க அக்கா சொல்றது மாவு பிசையறதேதான். ஒரே வித்தியாசம், மாவு முனகாது" என்றார். புருஷன் போன பதினோரு வருஷமாகத் தனியாகவே பிசைகிற கை. செவ்வாயும் வெள்ளியும் மதியம் கடை மூடின பிறகு, மாவுப் பலகை மேல் என்னைக் குப்புறப் போட்டுவிடுகிறார். ஊர் வாய்க்குப் பயந்து கதவைப் பாதி திறந்தே வைத்திருக்கிறோம். அதனால் என் முனகல் இப்போது தெருவுக்கே பாடம்.

தெக்லா அம்மாள் கட்டைவிரலை என் மேல் படவே விடுவதில்லை, முழுக்க முன்கைதான். நீ எழுதினதை அப்படியே கேட்கிறார். தெக்லா அம்மாள் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

உன் தம்பி, பெனெத்

*

பாடன், 21 மார்ச் 1983

அன்புத் தம்பிக்கு,

நான் சுகமே. உன் கடிதத்தில் வலி எங்கே என்று இரண்டு தடவை தேடினேன். தெக்லா அம்மாள்தான் இருக்கிறார், இடுப்பைக் காணோம். எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை. அவரிடம் இதைச் சொல்: நீவும்போது உன் மூச்சு வெளியே போகிற நேரத்தில் மட்டும் அழுத்தட்டும். பிடிவாதமாக இறுகின இடத்தோடு சண்டை போட வேண்டாம், முன்கையை அங்கே வைத்துவிட்டுக் காத்திருக்கட்டும். அது தானே இளகும். அந்த இளகல் கைக்குத் தெரியும்போது வருகிற சந்தோஷத்தை அவர் எனக்கு எழுத வேண்டும்.

பயிற்சியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை நீ. அடிவயிற்றை இழுக்கும்போது தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல் வைத்துப் பார். சதை இறுகுவது விரலுக்குத் தெரிகிறதா? பதில் வேண்டும்.

பென்சிலில் எழுதியிருக்கிறேன், மன்னி.
அக்கா

*

வால்ஸ், 24 ஏப்ரல் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள். எனக்குக் கோபம்.

நேற்று ஜார்ஜ் திருநாள். ஊரே பிரியமானவர்களுக்கு வாங்கின ரோஜாவும் புத்தகமுமாகத் திரிந்தது. நானும் ஒரு ரோஜா வாங்கிவிட்டேன், ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. வாடிப்போகுமே என்று ரொட்டிக்கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய் மதியம் உடம்பு வெண்ணெய். புதன் காலை அதே கட்டில் ஓரம், அதே காலுறை. இரண்டு மாதமாக ஒரு நாள் விடாமல் மூன்று பயிற்சியும் செய்கிறேன். எதுவும் முன்னேறவில்லை. செரபி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிற வாட்டசாட்டமான ஆளையும் சேர்த்துப் பார்க்கிறார்.

தொப்புளுக்குக் கீழே விரல் வைக்கச் சொன்னாயே, வைத்தேன். என்ன தெரியும்? எட்டுச் சுற்றுத் துணிக்கு மேலே விரலை வைத்தால் துணிதான் தெரியும்.

தம்பி, பெனெத்

*

பாடன், 5 மே 1983

பெனெத்,

எட்டுச் சுற்றா? நீ கச்சையைக் கட்டிக்கொண்டா பயிற்சி செய்கிறாய்?

சாப்பாட்டு அறையில் உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் ஜெர்மன்காரி ஒருத்தி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அட மடையா! கல் தூக்கும்போதும் கட்டியிருக்கிறாய், அப்படித்தானே? தூங்கும்போதாவது அவிழ்க்கிறாயா?

கச்சை கோபுரத்துக்கு. தோளில் ஏறுகிறவன் கால் வைக்க, அந்த ஐந்து நிமிஷம் உன் இடுப்பைத் தாங்க. உன் வயிற்றுச் சதையும் முதுகுச் சதையும் செய்ய வேண்டிய வேலையை எட்டு வருஷமாகத் துணி செய்திருக்கிறது. அந்தச் சதைகளுக்கு நீ எட்டு வருஷம் விடுமுறை கொடுத்திருக்கிறாய். வலிக்காமல் என்ன செய்யும்?

அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. எல்லாம் பாதி எண்ணிக்கை. வீட்டில் கச்சை கிடையாது, வேலையில் கிடையாது. உன்னைத் திட்டுகிற உரிமையைத் தெக்லாவுக்கு எழுத்து மூலமாகவே கொடுக்கிறேன். ரோஜாவைத் தண்ணீரில் வைத்தாரா?

டைப்ரைட்டர் அலுவலகத்தினுடையது. கற்றுக்கொள்கிறேன், தப்புகளைப் பொறுத்துக்கொள்.

அக்கா

*

வால்ஸ், 19 ஜூன் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் இப்போது நிஜமாகவே கொஞ்சம் நலம்.

கச்சை இல்லாமல் பயிற்சி செய்த முதல் நாள் பயந்துவிட்டேன். இடுப்பைத் தூக்கினதும் தொடை நடுங்கியது. இத்தனை பேரைத் தாங்கினவன், தன் புட்டத்தைத் தாங்க முடியாமல் தரையில் கிடந்தேன். தெக்லாவிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "நாளைக்கும் நடுங்கும். நாளன்னிக்கு கம்மியா நடுங்கும். பிசைஞ்ச உடனே மாவு ரொட்டியாயிடுமா?" என்றாள். இப்போது பலகையிலிருந்து இறங்கினதும் அங்கேயே தரையில் பயிற்சி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறாள். வேண்டுமென்றே எண்களை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். மூன்று வாரமாக மறுநாள் காலை வலி பாதிதான்.

இன்னொரு விஷயம். போன வெள்ளிக்கிழமை தெக்லா உன் கடிதங்கள் எல்லாவற்றையும் பலகை மேல் பரப்பிப் பார்த்தாள். "இதப் பாருங்க. பிப்ரவரியில எழுத்து சாயுது. மார்ச்சுல பென்சில், எழுத்து பெருசு பெருசா. இது பென்சில முஷ்டியில புடிச்சு எழுதுற ஆளு. மே மாசம் மெஷின். உங்க அக்காவுக்குக் கட்டைவிரல் போயிடுச்சு பெனெத்." எப்படித் தெரியும் என்றேன். கடை வாசலில் இருக்கிற கரும்பலகையைக் காட்டினாள். அவள் எழுத்தும் அப்படித்தான் இருந்தது. நாலு வருஷமாக அவளுக்கும் கட்டைவிரலால் எதையும் பிடிக்க முடிவதில்லையாம். முன்கையால் பிசைகிற பெருமையின் ரகசியம் அதுதான்.

அக்கா, உன் கை எப்படி இருக்கிறது?

பெனெத்

*

பாடன், 4 ஜூலை 1983

அன்புத் தம்பிக்கு,

உன் முன்னேற்றம் கேட்டு மிகவும் சந்தோஷம். தவழ்கிற பயிற்சியில் இனி எட்டு எண்ணிக்கை பிடி. நடையை முக்கால் மணியாக்கு, வெயிலுக்கு முன்னால். வலி குறைந்தது என்று பிடித்துவிடுவதை நிறுத்தாதே, வாரம் ஒரு முறையாவது வேண்டும். இங்கே மழை. தெக்லாவுக்கு என் அன்பு. அவர் கடையில் சுடுகிற தட்டையான கோக்கா ரொட்டி சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது.

அக்கா எல்விரா

*

வால்ஸ், 17 ஜூலை 1983

அக்கா,

மழையைப் பற்றி நான் கேட்கவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். என் புட்டத்திலிருந்து வயிறு வரை ஒன்றுவிடாமல் உனக்கு எழுதினேன். ரோஜாவைக்கூட எழுதினேன். நான் கச்சையை அவிழ்த்துவிட்டேன். நீ எப்போது அவிழ்க்கப்போகிறாய்?

கீழே இருப்பது நீ எனக்கு எழுதினது. இடத்தை மட்டும் தெக்லா மாற்றினாள். சுவரில் ஒட்டிக்கொள்.

பிடித்துவிடுவதும் பயிற்சியும் ஒன்றாகத்தான். ஆலிவ் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொள். கட்டைவிரலின் அடிச்சதையை மற்றக் கையின் உள்ளங்கையால் மெதுவாக நீவு, எலும்பின் மேல் அமுக்காதே. அரை மணிக்குள் பயிற்சி: கோப்பையைப் பிடிப்பதுபோல விரல்களை வளைத்து, ஐந்து எண்ணி, விடு. எதையும் இறுக்கிக் கிள்ளாதே. ஒரு நாளில் போகிற வலி இல்லை. அதை வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் வைத்தியம்.

பதில் வரும்வரை நான் பயிற்சி செய்யப்போவதில்லை. (தெக்லா திட்டினாள். செய்கிறேன். ஆனால் பதில் எழுது.)

பெனெத்

*

பாடன், 1 செப்டம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

கையாலேயே எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்து நீயே தெரிந்துகொள்.

இரண்டு கட்டைவிரலும் போய்விட்டன. வலது ரொம்ப மோசம். பிறருக்கெல்லாம் முன்கை என்று சொல்லிக்கொடுத்த நான், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று இருபது வருஷம் கட்டைவிரலாலேயே அமுக்கினேன். உன் கச்சையைப் படித்து அழுதேன் என்றேனே, உனக்காக மட்டும் இல்லை.

போன நவம்பரிலிருந்து நான் யார் முதுகையும் தொடவில்லை. துண்டு மடிக்கிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நல்லவர்கள்தான், பிறந்தநாளுக்குக் கேக்கும் வெட்டினார்கள். ஆனால் வருகிறவர்கள் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். நடை பார்த்தே எனக்குத் தெரிகிறது, இவருக்கு இடது இடுப்பு, அந்த அம்மாவுக்குத் தோள். சொல்ல வாய் வருகிறது. சொல்ல எனக்கு இடமில்லை. "இந்தாங்க" என்று துண்டைக் கொடுக்கிறேன்.

அப்போதுதான் உன் ஜனவரிக் கடிதம் வந்தது. உன் முதுகு ஒன்றுதான் எனக்கு மிச்சம் பெனெத். கை கெட்டுவிட்டது என்று சொன்னால் அதையும் விட்டுவிடுவாயோ என்று பயந்தேன். அதனால்தான் சொல்லவில்லை.

உன் சீட்டை ஒட்டிவிட்டேன். செய்கிறேன். நேற்று ஜாடி மூடியைத் திறந்தேன்.

ஒத்திகை என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

அக்கா

*

வால்ஸ், 25 செப்டம்பர் 1983

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தெக்லா படிக்க, நான் கேட்டேன். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள். மீதியை நான் படித்தேன்.

ஒத்திகை நேற்று நடந்தது. ஏழு அடுக்கு. என் தோளில் ஒருவன் கால் வைத்ததும் உடம்பு பழக்கத்தில் கச்சையின் மேல் சாயப் பார்த்தது. அடிவயிற்றை உள்ளே இழுத்தேன், மூச்சைவிட்டேன். தாங்கியது அக்கா! துணி தாங்கவில்லை, நான் தாங்கினேன். எதிரே அதே காலர். எல்லாரும் பத்திரமாக இறங்கின பிறகு செரபி வந்தார். "நின்னுட்ட. உன் இடம் உனக்கு. ஆனா திருநாளன்னிக்கு ஒரே கோபுரம். ரெண்டாவதுக்கு வாயத் தொறந்தே, கச்சையப் புடுங்கிடுவேன்." ஜனவரியில் இதைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நேற்று சரி என்றேன். இன்று காலை இடது காலுறையை நானே போட்டேன். கழற்றிவிட்டு இன்னொரு தடவை போட்டேன்.

இப்போது கேள். ஒத்திகை முடிந்ததும் தெக்லா வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் என் கதையை எல்லாரிடமும் சொன்னாள். இன்று காலையே ரொட்டிக்கடை வாசலில் பதினாலு பேர். தோள், கழுத்து, முழங்கால். மூன்று பேருக்கு நல்ல கை இருக்கிறது, ஆனால் எங்கே வைப்பது, எப்போது எடுப்பது, அப்புறம் என்ன பயிற்சி என்று ஒருவனுக்கும் தெரியாது. நான் உன் சீட்டைப் படித்துக் காட்டினேன். முழங்கால் வலிக்காரன், "இதுல இடுப்புதானே போட்டிருக்கு?" என்கிறான். செரபி ஒத்திகைக் கொட்டகையின் பின்னறையை ஒழித்துத் தருகிறாராம்.

கை எங்களிடம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கிற ஆள்தான் இல்லை. நடை பார்த்தே தெரிகிறது என்றாயே, இங்கே வந்து சொல். உனக்கு இங்கே இடம் இருக்கிறது.

அப்பாவின் கட்டில் அப்படியேதான் இருக்கிறது. தெக்லாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்கிறேன்.

பெனெத்

*

பாடன், 9 அக்டோபர் 1983

அன்புத் தம்பிக்கு,

தெக்லாவைப் பற்றி நீ சொல்லப்போவது மார்ச் மாதமே எனக்குத் தெரியும். இருந்தாலும் நேரில் சொல், நான் ஆச்சரியப்படுகிறேன்.

துண்டு மேசையிலிருந்து விடை பெற்றுக்கொண்டேன். இருபதாம் தேதி ரயில் ஏறுகிறேன். திருநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்துவிடுவேன். பெட்டியை என்னால் தூக்க முடியாது. நீயும் கச்சை கட்டிக்கொண்டு தூக்க வராதே, முழங்காலை மடக்கித் தூக்குகிற ஒருவனை ஸ்டேஷனுக்கு அனுப்பு. அந்தப் பதினாலு பேரும் நான் வரும்வரை ஒரு சதையையும் தொடக் கூடாது. முழங்கால்காரனைத் தினமும் நடக்கச் சொல்.

ஒரே ஒரு ஆசை. திருநாளன்றைக்குக் கச்சையைக் கதவில் கட்டாதே. அடுத்த வருஷத்திலிருந்து தெக்லா பிடிக்கட்டும், இந்த ஒரு தடவை என்னிடம் விடு. என் விரலால் பிடிக்க முடியாது. யோசித்துப் பார்த்தேன், விரல் எதற்கு? முனையை என் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நிற்கிறேன். எனக்கும் முதுகு இருக்கிறது, அது நன்றாகவே இருக்கிறது. நீ அந்தப் பக்கத்திலிருந்து உன் இடுப்பில் சுற்றிச் சுற்றி என்னை நோக்கி வா. இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன், பயப்படாதே. எட்டாவது சுற்றில் நீ என் எதிரே வந்து நிற்பாய்.

அக்கா எல்விரா